ராசியான தெரு தொகுதியை இழந்த கதை

பிறந்த வீட்டை விற்றுவிட்டவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர். படித்த பள்ளிக்கூடம் இடிந்துபோனவர்களும் உண்டு. பிறந்த தொகுதியே செத்துப்போனவர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள்? நான் ஒருத்தி. சிரிக்காதீர்கள். தேர்தல் முடிவுகள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும்போது இன்றைக்கும் என் கண் அந்தப் பெயரைத் தேடுகிறது. ஊர் இருக்கிறது, பஸ் போர்டில் பெயரும் இருக்கிறது. சட்டசபைத் தொகுதி என்று ஒன்று இருந்ததே, அது எழுபதுகளோடு போய்விட்டது. என் மகன், "இல்லாத ஊருக்கு ஓட்டு எண்ணுறாங்களாம்மா?" என்று கேலி செய்வான். செய்யட்டும். அவனுக்கு எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் குளிக்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி, எங்கள் தொகுதி நீளவாக்கில் கிடந்தது. ஒரு கோடியில் தோல் தொழிற்சாலைகள், மறு கோடியில் குடியாத்தம் பக்கத்து லுங்கி நெசவுத் தெருக்கள், நடுவில் வேர்க்கடலைக் கொல்லைகள். இந்த மூன்று சாராருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஆனாலும் ஒரே எம்.எல்.ஏ.

எங்கள் தெரு தோல் பக்கம். தெருவுக்குப் பின்னால் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினால் தோல் பதனிடுகிற டேனரி. அப்பா அங்கேதான் ஊறல் தொட்டியில் வேலை பார்த்தார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாளெல்லாம் நின்று அவர் முழங்கால் வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேலே ஒரு நிறம். அந்தத் தொட்டித் தண்ணீரெல்லாம் ஓடையில்தான் விழும். ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி எங்கள் தெருக் கிணற்றுக்கு வரும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கிணற்றுத் தண்ணீர் சிவப்புதான். சோறு வடித்தால் பழுப்பாக இருக்கும். வெள்ளைச் சட்டை இரண்டு துவையலில் டீ நிறத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றால் எங்கள் தெருப் பிள்ளைகளைச் சட்டையை வைத்தே பிரித்துவிடலாம். "உங்க வீட்ல டீயிலயா தோய்க்கிறாங்க?" என்று டீச்சர் கேட்பார். தம்பிக்கு உடம்பெல்லாம் சொறி. குடிக்கிற தண்ணீருக்கு அம்மா வேர்க்கடலைக் கொல்லை பம்பு செட்டுக்கு நடந்து போவாள். கொல்லைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால் குடம் நிறையும். இல்லாவிட்டால் காலிக் குடத்தோடு திரும்பி வந்து கோபத்தை எங்கள் முதுகில் காட்டுவாள்.

முதலாளியைக் கேட்க முடியாது. தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த டேனரிதான். ஆகவே எல்லோரும் எம்.எல்.ஏ.வை நம்பினோம். அப்படி நம்புவதற்கு எங்களிடம் ஒரு விசேஷக் காரணம் இருந்தது. எங்கள் தெரு அவருக்கு ராசியான தெரு.

அந்தக் கதை இப்படி. அவர் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது எங்கள் தெரு முனையில் ஜீப் பஞ்சராகி நின்றதாம். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பிரசவம் ஆகிக் குழந்தையோடு வருகிறாள் என்று அம்மா ஆரத்தித் தட்டைக் கரைத்து வைத்திருந்தாள். நான் அவள் இடுப்பில். "வந்தது வந்தாரு, அவருக்கும் ஒரு சுத்து சுத்திடு" என்று யாரோ சொல்ல, அம்மா சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பினாள். யாருமே எதிர்பாராமல் அவர் ஜெயித்துவிட்டார். கட்சியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சியின் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும்.

அதற்குப் பிறகு அவர் எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் ஜீப் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். அடுத்த தேர்தலுக்கு வேட்பு மனுவை அம்மாவின் ஆரத்திக்குப் பிறகுதான் கொண்டுபோனார். ஜெயித்தார். தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை வரும். "தங்கச்சி, இந்தத் தெருவுல கால வச்சாதான் எனக்குத் தொகுதியே தொறக்குது" என்பார். தெருவில் அம்மாவுக்கு அப்படி ஒரு மவுசு. ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரி சிபாரிசு வரைக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டால் அவர் காதுக்குப் போய்விடும் என்று ஜனங்கள் வருவார்கள். தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாலாற்றில் ஊற்றுக் கிணறு வெட்டி, குழாய் போட்டு, தெருவுக்கு நல்ல தண்ணீர்.

இரண்டாவது முறை ஜெயித்த பிறகு அவர் தலையாட்டினார். அடிக்கல் நட்டார். அடுத்த கோடையில் லாரியில் குழாய்கள் வந்து இறங்கின.

அந்தக் கோடையைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். கறுப்பு இரும்புக் குழாய்கள், தார் பூசியவை. வெயில் ஏற ஏற தார் இளகி வாசம் கிளம்பும். தோல் நாற்றத்துக்குப் பழகிய எங்களுக்கு அந்தத் தார் வாசம் அத்தர் மாதிரி இருந்தது. தெரு நீளத்துக்கும் ஒரு ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள். ஒரு முனையில் வாயை வைத்துப் பேசினால் மறு முனையில் காதுக்குள் கேட்கும். நானும் எதிர்வீட்டு பாய் மகளும் ஆளுக்கொரு முனையில் படுத்துக்கொள்வோம். "இன்னா சாப்ட்ட?" என்று நான் கேட்பேன். "நீ சொல்லு மொதல்ல" என்று குழாய் சொல்லும். காதுமடலில் தார் ஒட்டிக்கொள்ளும். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே திட்டுவாள். ஆனால் அந்த மாதங்களில் அவள் திட்டில் காரம் கிடையாது. சில நாள் தனியாகப் போய்க் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

எதிர்வீட்டு பாய் அப்பாவின் தோஸ்த். அதே டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். ஒன்றாக வேலைக்குப் போவார்கள், ஒன்றாக வருவார்கள். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு வரும். பொங்கலுக்கு இங்கிருந்து போகும். அதையெல்லாம் நாங்கள் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது கிடையாது. அது பாட்டுக்கு நடந்தது.

அந்தக் கோடையில்தான் ஒரு பேச்சு கிளம்பியது. தொகுதிகளின் எல்லையை மாற்றப்போகிறார்களாம். எங்கள் தொகுதியையே எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை அங்கேயும் மறுபக்கத்தை இங்கேயும் சேர்க்கப்போகிறார்களாம். வேலூரில் அதிகாரிகள் உட்கார்ந்து ஜனங்களின் அபிப்பிராயம் கேட்பார்கள், ஆட்சேபணை இருந்தால் போய்ச் சொல்லலாம் என்று பேப்பரில் வந்தது. அப்பா ஒரு வேன் பேசினார். தெருவே போவதாக ஏற்பாடு. எங்களை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடுங்கள், எங்கள் எம்.எல்.ஏ.வோடு போடுங்கள் என்பதுதான் எங்கள் ஆட்சேபணை.

அதற்கு முந்தின நாள் எம்.எல்.ஏ. வந்தார். எங்கள் வீட்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"வேலையக் கெடுத்துக்கினு நீங்க எதுக்குய்யா வர்றீங்க? ஒரு நாள் கூலி போய்டும். நானே அங்கதான போறேன். நான் சொல்லிக்கிறேன்."

"இல்லண்ணா, ஜனங்க நேர்ல வந்தா..." என்று அப்பா இழுத்தார்.

"இந்தத் தெருவ நான் உட்டுடுவனா? தங்கச்சி, நீயே சொல்லு. உட்டுடுவனா?"

அம்மா வாய்கொள்ளாமல் சிரித்தாள். அவரே தன் ராசியை விட்டுவிட்டுப் போவாரா? அதுதான் எங்கள் கணக்கு. இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நம் கையில் அவருடைய குடுமி இருப்பதாக ஒரு தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பாய் மட்டும் வேலூருக்குப் போனார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு லாங் பஜாரில் பாத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. போன வேலை சீக்கிரம் முடிந்ததால், நம்ம விஷயம் என்ன ஆச்சு என்று பார்க்க, அதிகாரிகள் அபிப்பிராயம் கேட்கிற இடத்துக்கும் போயிருக்கிறார். பின்னால் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பாத்திரச் சாக்கு தோளிலேயே இருந்தது.

"ஓடையவே கோடா வச்சிக்கங்கன்னு அவரே சொன்னாரு. ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் மத்தவங்களுக்குன்னு. என் காதால கேட்டேன்பா."

"யாரு?"

"நம்ம எம்.எல்.ஏ."

அப்பா கேட்டார்: "எதிர்க்கட்சிக்காரன் உங்களுக்கு இன்னா குடுத்தான் பாய்?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். பாய் முகம் மாறியதைப் பார்த்தேன். சாக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். அந்தத் தெரு அவ்வளவு அகலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவும் அப்பா பக்கம்தான் பேசினாள். "பொண்ணு கல்யாண பேஜார்ல எதையோ தப்பாக் கேட்டுட்டு வந்து பேசறாரு" என்றாள். தங்கச்சி என்று கூப்பிடுகிற அந்த எம்.எல்.ஏ. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் அவளால் தாங்க முடியாது. தெருவில் மற்றவர்கள் இன்னும் மோசமாகப் பேசினார்கள். அதையெல்லாம் எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பாய் மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. எங்களை விளையாடவும் விடவில்லை. நாங்கள் இருவரும் என்ன செய்தோம் தெரியுமா? குழாயில் பேசிக்கொண்டோம். மத்தியானம் எல்லோரும் அசந்திருக்கும்போது நான் என் வீட்டுப் பக்கத்து முனையில், அவள் இரண்டு வீடு தள்ளி மறு முனையில். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பெண்கள் தனித்தனியாகப் படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். "எங்க அக்கா போட்டிருந்த நகைய நீ பாக்கல" என்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

கோடு போடப்போகிறார்கள் என்றால் கபடிக்குப் போடுகிற மாதிரி சுண்ணாம்பில் போடுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் இருவரும் ஓடைக் கரைக்குப் போய்த் தேடினோம். தோலிலிருந்து சுரண்டிப் போட்ட ஜவ்வும் மயிரும் நுரையோடு மிதந்தன. நாலைந்து நாய்கள் எங்களை முறைத்தன. கோடு எங்கேயும் இல்லை. "அப்ப எங்கப்பா பொய்தான் சொன்னாரோ?" என்று அவளே கேட்டாள். நான் ஆமாம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மழைக்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டது. பாய் சொன்ன அதே ஓடை. எங்கள் தொகுதி போயிற்று. டேனரி ஓடைக்கு அந்தப் பக்கம், அவருடைய புதுத் தொகுதியில். அதன் கழிவை வாங்குகிற எங்கள் கிணறு இந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஒருவருடைய தொகுதியில். தேர்தலுக்குக் கொடுக்கிற முதலாளிகள் அவரோடு இருப்பார்கள், தண்ணீர் கேட்கிற ஜனங்கள் வேறு ஆளுக்குப் போய்விடுவார்கள். எவ்வளவு சுத்தமான கோடு பாருங்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பிறகு ஒரு நாள் காலையில் லாரி வந்தது. இறக்கிய அதே ஆட்கள்தான். இறக்கியபோது பாட்டுப் பாடினார்கள், ஏற்றும்போது தலை நிமிரவில்லை. அம்மா ஒரு குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போவுது இது?"

"ஓடைக்கு அந்தப் பக்கம்மா. ஆர்டரு."

"எங்களுக்குன்னு வந்தது."

"எங்களுக்கு இன்னா தெரியும்மா? ஏத்துன்னாங்க, ஏத்தறோம்."

அவர்கள் தூக்கினார்கள். அவள் பிடித்த கையை விடாமல் லாரி வரைக்கும் கூடவே நடந்து போனாள். குழாய் மேலே ஏறியதும் கை தானாக விட்டது. உள்ளங்கை முழுக்கத் தார். அன்றைக்கு அவள் அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கவில்லை. அப்படியே சோறு பிசைந்தாள். நான் பாய் வீட்டு வாசலைப் பார்த்தேன். தோழி உள்ளே ஜன்னலில் நின்றிருந்தாள். இனி அவளோடு எப்படிப் பேசுவது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த கவலை.

அப்பா எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார். எப்போது போனாலும் நேரே கூடத்துக்குப் போகிறவரை அன்றைக்கு வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் உதவியாளர் வந்து, "நீங்க இப்ப நம்ம தொகுதி இல்லியேப்பா" என்றாராம். அப்பா அதை வீட்டில் ஒருமுறைதான் சொன்னார். எங்களைப் புதிதாகச் சேர்த்த தொகுதியின் எம்.எல்.ஏ.வைப் பிடித்துக் கேட்டால், டேனரி என் தொகுதியில் இல்லையே, நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அப்பா பாய் வீட்டு வாசலுக்கும் போனார். அதற்குள் அவர்கள் ஆம்பூரில் வேறு தொழிற்சாலை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள். பூட்டு தொங்கியது. அப்பா அந்தப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எதற்காக இழுத்தார் என்று தெரியவில்லை. எம்.எல்.ஏ. செய்ததை என்னால் ஒரு அரசியல்வாதியின் வேலை என்று சொல்லித் தள்ள முடிகிறது. என் அப்பா பாயைக் கேட்ட அந்தக் கேள்வியை அப்படித் தள்ள முடியவில்லை. உண்மை சொன்னவரைத் தெருவே சேர்ந்து துரத்தியது. பொய் சொன்னவருக்கு மோர் கொடுத்தோம்.

எழுபத்தேழில் அடுத்த தேர்தல் வந்தது. எங்கள் சுவர்களில் யார் யார் பெயரோ எழுதியிருந்தார்கள். ஒரு நாள் விடிந்ததும் தெரு முனையில் பழைய ஜீப்பின் சத்தம் கேட்டது. அவர்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் வேட்பு மனுப் போடக் கிளம்பியிருக்கிறார். நாங்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. அவரும் எங்களிடம் ஓட்டுக் கேட்க வரவில்லை. ராசிக்காக வந்திருந்தார்.

"தங்கச்சி" என்று வாசலில் நின்று கூப்பிட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிப்பு.

படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். "கதவச் சாத்து" என்று பல்லைக் கடித்தார். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் வாசலைவிட்டு இறங்கவில்லை.

"வாசலுக்கு வந்துட்டாரு. நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இருங்கண்ணா, வர்றேன்."

எனக்கு அம்மாவின்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இவளுக்கு மானம் இல்லையா என்று நினைத்தேன். அவள் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வழியாகக் கிணற்றுக்குப் போனாள். வாளி விழுகிற சத்தம் கேட்டது. வந்தாள். வெற்றிலைமேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். நிதானமாகச் சுற்றினாள். அவர் எப்போதும் போலக் கண்ணை மூடிக் குனிந்தார். அவள் தட்டுத் தண்ணீரில் விரலைத் தோய்த்து அவர் நெற்றியில் ஒரு பட்டையாக இழுத்தாள். வழக்கமான சின்னப் பொட்டு இல்லை. புருவம் வரைக்கும் வழிந்தது.

அவர் கண்ணைத் திறந்து மூக்கைச் சுளித்தார். "இன்னா தங்கச்சி, ஒரு மாதிரி வாடை வருது?"

"கெணத்துத் தண்ணிண்ணா" என்றாள் அம்மா. "மஞ்சளும் போடல, சுண்ணாம்பும் போடல. அப்படியே மொண்டு வந்தேன். அதுவே செவப்பாதான் இருக்குது."

ஜீப் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை தோள் துண்டுக்குப் போனது. துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உதவியாளர்கூடத் தன் துண்டை நீட்டினார். கை பாதியில் நின்றது. வேட்பு மனுப் போடப் போகிற நேரத்தில் ஆரத்திப் பொட்டைத் துடைத்தால் ராசி என்ன ஆவது? அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். துண்டை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். எங்கள் கிணற்றை நெற்றியில் பூசிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். அம்மா தட்டில் மிச்சம் இருந்ததைத் தெருவில் கொட்டினாள். சட்டி பானை தேய்த்த தண்ணீரைக் கொட்டுகிற மாதிரிக் கொட்டினாள். அப்பா அன்றைக்குத்தான், எத்தனையோ மாதம் கழித்து, சத்தம் போட்டுச் சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜெயித்துவிட்டார். முன்னைவிட ஜாஸ்தி ஓட்டு. ரேடியோவில் முடிவைக் கேட்டுவிட்டு அம்மா ரேடியோவை நிறுத்தினாள். குடத்தை எடுத்துக்கொண்டு பம்பு செட்டுக்குப் போனாள்.

எண்பதுகளின் நடுவில் என் கல்யாணம். அப்போதும் எங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை. கல்யாணத்துக்கு டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்தோம். ஆம்பூரிலிருந்து என் தோழி வந்திருந்தாள். பாய் வரவில்லை. அப்பா வாசலிலேயே நின்று பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வண்டி வந்து நின்றது. ஆரத்தித் தட்டு தயார். தெருப் பெண்கள் எல்லோரும் அம்மாவைத் தேடினார்கள். எம்.எல்.ஏ.வுக்கே எடுத்த கை, சொந்த மருமகனுக்கு எடுக்க வேண்டாமா என்று இழுத்தார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் தட்டை வாங்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டாள்.

"நீ எடு" என்றாள் அம்மா. "என் கை ராசி வேற தொகுதிக்குப் போய்டுச்சு."